கத்திரி படாத துணி

லெவியா செய்த முதல் தப்பு, யூத ஜெப ஆலயத்தின் வாசலில் ஷூவைக் கழற்றியது.

1994 அக்டோபர், ஒரு சனிக்கிழமை காலை. இஸ்தான்புல்லில் ஷிஷ்லி பக்கம். காவலாளி அவள் கடவுச்சீட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டான். அவள் ஷூ இரண்டையும் சுவரோரம் சேர்த்து வைத்தாள். சாம்பல் நிறக் காலுறையோடு, பெண்கள் உட்காரும் மேல்தளத்துக்குப் படியேறினாள்.

அவள் ஊர் அஸர்பைஜானில், குபா நகரத்துக்கு ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் செங்குடியிருப்பு. மலை யூதர்களின் ஊர். அங்கே ஜெப ஆலயம் முழுக்கக் கம்பளம் விரித்திருக்கும். ஷூ போட்ட கால் அதன் மேல் பட்டதே இல்லை. வேறு வழக்கம் ஒன்று இருக்கும் என்று அவள் யோசித்ததும் இல்லை. இஸ்தான்புல்லிலோ ஷூவைக் கழற்றிவிட்டுத் தொழப் போகிறவர்கள் முஸ்லிம்கள் மட்டும்தான்.

மேல்தளத்தில் நாற்பது தலைகள் திரும்பின.

"பொண்ணே, மசூதி அடுத்த தெருவுல," என்றாள் ஓரத்தில் இருந்த பெண். அவள் பெயர் ராஷெல். ஐம்பத்தைந்து வயது, மூக்குக் கண்ணாடி, அதற்கு மேலே ஏறிய புருவம்.

"தெரியும். நான் இங்கதான் வந்தேன்."

"அப்ப ஷூ எங்க?"

"கீழ இருக்கு. கடவுள் முன்னாடி ஷூவோட எப்பிடி நிக்கறது?"

"நாங்க ஐந்நூறு வருஷமா ஷூவோடதான் நிக்கறோம். அவரு இதுவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்ல."

ராஷெலுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் குனிந்து லெவியாவின் காலைப் பார்த்தாள். குதிகாலில் ஒட்டுத் தையல் இருந்தது.

"விடு ராஷெல். ஓட்டைய எப்பிடித் தச்சிருக்கா பாரு. இழை மேல இழை. யாருடி தச்சது?"

"நான்தான்."

"உக்காரு. என் பக்கத்துல உக்காரு."

அவள்தான் மதாம் லூனா. அறுபத்தெட்டு வயது, விதவை. பெயோலுவில் நாற்பது வருஷம் கல்யாண கவுன் தைத்தவள். குள்ளம். உதட்டுச் சாயம் இல்லாமல் பால் வாங்கக்கூடக் கீழே இறங்க மாட்டாள். எந்தப் பெண் எதிரே வந்தாலும் முதலில் உடுப்பின் கரையைப் பார்ப்பாள், அப்புறம்தான் முகம்.

அங்கே இருந்தவர்கள் ஐந்நூறு வருஷம் முன்னால் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்த யூதர்களின் வம்சம்; வீட்டுப் பேச்சு இன்னும் ஸ்பானிஷ்தான். தொழுகை முடிந்து படி இறங்கும்போது லூனா கேட்டாள். "ஸ்பானிஷ் பேசுவியா?"

"இல்ல மதாம்."

"யூதப் பொண்ணுக்கு ஸ்பானிஷ் தெரியாதா! அப்ப கடவுள்கிட்ட எந்த பாஷையில அழுவ?"

"எங்க பாஷையில. பாரசீகம் மாதிரி இருக்கும்."

"ராஷெல், கேட்டியா? பாரசீகத்துல அழுவறாளாம்." லூனா சிரித்தாள். "வர்ற வெள்ளிக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிட வா. கத்திரிக்காயும் பாலாடைக்கட்டியும் போட்டு அடுப்புல சுட்டு வெச்சிருப்பேன். நீ எந்த பாஷையில வேணா சாப்பிடலாம்."

லெவியாவுக்கு அப்போது இருபது வயது. உதவித்தொகையில் வந்து, ஜவுளிப் பொறியியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். விடுதி அறையில் ஆறு பேர். வெள்ளிக்கிழமைகளில் குர்துலுஷில் இருந்த லூனாவின் மூன்றாம் மாடி வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே பேச்சோடு பேச்சாக ஓர் அறையைப் பற்றிக் கேள்விப்பட்டாள்.

ஜெப ஆலயத்தின் பின்கட்டில் இருந்தது அந்த அறை. நீள மேஜை ஒன்று, எட்டு நாற்காலிகள். செவ்வாய்க்கிழமை மதியம் பெண்கள் அங்கே கூடி, தங்கள் சமூகத்தில் இறக்கிறவர்களுக்கு உடுத்தும் வெள்ளை உடுப்பைத் தைத்தார்கள். சட்டை, கால்சட்டை, மேலங்கி, தலைத்துணி, இடுப்புப் பட்டை. மண்ணோடு மண்ணாகப் போகிற துணி மட்டும்தான். பை கிடையாது, பொத்தான் கிடையாது, நூலில் முடிச்சு கிடையாது.

அந்த வருஷம் மார்ச்சில் லெவியாவின் அம்மா இஸ்திர் ஊரில் இறந்திருந்தாள். குபாவின் கம்பளத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் வேலை செய்தவள். தந்தி விடுதிக்கு வந்தபோது அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. அம்மாவுக்கு அந்த உடுப்பை யாரோ தைத்திருந்தார்கள். யார் என்று லெவியாவுக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்டாள். அவர் கவனிக்கவில்லை என்றார்.

அந்த மேஜையில் உட்கார்ந்து தைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"எனக்கும் ஒரு ஊசி குடுங்க," என்று நவம்பர் மாதத்து முதல் செவ்வாயன்று கேட்டாள்.

"காகிதம் குடு," என்றாள் ராஷெல். அந்த அறையின் நடைமுறை எல்லாம் அவள் பொறுப்பு. "உங்கம்மாவோட கல்யாணப் பத்திரம். யூத முறைப்படி எழுதினது. அம்மா யூதச்சியா இருந்தாத்தான் பொண்ணும் யூதச்சி."

"அது இல்ல. சோவியத் காலம். மதகுருவ ரகசியமாக் கூப்பிட்டு எழுதினாங்க, அந்த வாரமே அடுப்புல போட்டாங்க."

"அப்ப உங்க ஊர் ரப்பி எழுதிக் குடுக்கட்டும். முத்திரையோட. வர்ற வரைக்கும் ஊசியத் தொடாத. நான் கெட்டவ இல்ல பொண்ணே. இந்த உடுப்புல படுக்கறவங்க எழுந்து வந்து கேள்வி கேக்க மாட்டாங்க. அவங்களுக்காக நான்தான் கேக்கணும்."

லெவியா ஊருக்கு எழுதினாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். அதுவரை செவ்வாய்தோறும் அந்த அறையில் தேநீர் போட்டாள், தைத்ததை இஸ்திரி போட்டாள். இரண்டுக்கும் காகிதம் தேவைப்படவில்லை.

அந்த யூத வருஷம் பதின்மூன்று மாதம் கொண்டது. ஆண்டே நீளமாக இருக்கும்போது தனக்கான இறுதி உடுப்பை வெட்டி வைத்தால் ஆயுளும் நீளும் என்பது அந்தப் பெண்களின் கணக்கு. வெட்டும் நாள் விசேஷ நாள். பிப்ரவரியில் லூனா நாள் குறித்தாள்.

வீட்டில் முப்பது பெண்கள். பாதாம் பிசைந்து செய்த வெள்ளை இனிப்பு, ஓடு சிவக்க வெந்த முட்டை, சின்னச் சின்னக் கோப்பையில் ராக்கிச் சாராயம். மேஜையில் ஒரு துணிக் கட்டு. லூனாவின் ஒரே மகன் மோரிஸ் மிலான் நகரத்தில் இருந்தான். அவன் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனது.

"இத்தாலி லினன்! தொட்டுப் பாருங்கடி," என்றாள் லூனா. "கூச்சப்படாம கசக்குங்க. கசங்காது! இத உடுத்திக்கிட்டுப் போனா, அங்க என் புருஷன் என்னை அடையாளம் தெரியாம எழுந்து நிப்பான்."

கசங்காத லினன் உலகத்தில் இல்லை. லெவியாவின் பாடப் புத்தகத்தில் முதல் அத்தியாயம் அது.

ராஷெல் கத்திரியை எடுத்தாள். துணியில் முதல் வெட்டு விழுந்ததும் பெண்கள் குலவையிட்டு, சர்க்கரை பூசிய பாதாமை மேஜை மேல் வாரி இறைத்தார்கள். "நூத்திருபது வருஷம் இரு லூனா!" என்று கத்தினார்கள். லெவியா தரையில் கிடந்த துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

ஓர் இழையை உருவினாள். இடுக்கியில் பிடித்து எரிவாயு அடுப்பில் காட்டினாள். லினன் எரிந்தால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் விரலில் தூளாகும். இது சுருண்டு உருகிக் கறுப்பு மணியாக இறுகியது. நகத்தால் குத்தினாள். உடையவில்லை. குறுக்கே ஓடும் ஊடை இழை ஒன்றை உருவிக் காட்டினாள். அதுவும் உருகியது. பாதிக்கு மேல் பாலியஸ்டர்.

"என்ன பண்ற?" வாசலில் லூனா நின்றிருந்தாள். கையில் காலித் தட்டு.

"மதாம், இது லினன் இல்ல."

"யாரு சொன்னா?"

"எரிச்சுப் பாத்தேன். பிளாஸ்டிக் கலந்திருக்கு. மண்ணுல மக்காது. நூறு வருஷம் ஆனாலும் அப்பிடியே கெடக்கும்."

லூனா தட்டை வைத்தாள். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"என் பையன் கொண்டு வந்தது."

"அவர யாராவது ஏமாத்தியிருப்பாங்க."

"என் பையன் ஏமாளிங்கற. நான் குருடிங்கற. நாலு மாசம் முன்னாடி சாக்ஸோட வந்து நின்ன. இன்னைக்கு என் விசேஷத்துல, என் வீட்டுல, என் துணிய எரிக்கற." அவள் அடுப்பை அணைத்தாள். "கோட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

லெவியா கிளம்பினாள். கூடத்தைக் கடக்கும்போது காலடியில் பாதாம் நொறுங்கியது. யாரும் பாட்டை நிறுத்தவில்லை.

மூன்று செவ்வாய்க்கிழமைகள் அவள் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் விடுதியில் ரொட்டியும் ஆலிவும் தின்றாள். எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தாலும் இனி அது எதற்கு என்று நினைத்தாள்.

நான்காவது வாரம் லூனா வந்தாள். கல்லூரியின் நெசவுக்கூடத்துக்கே வந்தாள், உதட்டுச் சாயமும் தொப்பியுமாக. மலைச்சரிவு ஏறிய மூச்சு வாங்கியது. கையில் துணியால் கட்டிய பொட்டலம்.

"பொரேகா. சூடா இருக்கு. முதல்ல தின்னு, அப்புறம் கோவப்படு."

உள்ளே பாலாடைக்கட்டி அடைத்துச் சுட்ட பண்டம். லெவியா ஒன்றை எடுத்துக் கடித்தாள். லூனா பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கட்டப் பிரிச்ச அன்னைக்கே என் கைக்குத் தெரிஞ்சுது," என்றாள். "நாப்பது வருஷம் துணியத் தொட்ட கை. தெரியாம இருக்குமா? அவன் பத்து வருஷத்துல மொத தடவையா எனக்குன்னு ஒண்ணு வாங்கிட்டு வந்திருந்தான். வாய் வரல."

"இன்னொரு துணி வாங்கி வெட்டிடலாமே மதாம்."

"ரெண்டாம் தடவ வெட்டறது கெடையாது. வெட்டினா ரெண்டு சாவக் கூப்பிடறதா அர்த்தம். எங்க வீட்டுல மிச்சம் ரெண்டு பேருதான். ஒரு உடுப்பு எனக்கு. இன்னொண்ணு யாருக்குன்னு நெனைக்கற?" அவள் பொட்டலத்தின் முடிச்சை இறுக்கினாள். "நான் பிளாஸ்டிக்லயே போறேன். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நீ சொன்னது சரி. அவ்வளவுதான்."

எழுந்து கதவு வரைக்கும் போனாள். லெவியா தறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதாம். வெட்டாமலே செஞ்சா?"

"வெட்டாம உடுப்பு எப்பிடிடி வரும்? மரத்துலயா காய்க்கும்?"

"கை நீளத்துக்குக் கை, முதுகு நீளத்துக்கு முதுகுன்னு அளந்து நெய்யலாம். நாலு பக்கமும் கரையோட. கத்திரியே வேணாம்."

"தறியிலேருந்து எடுக்கறப்ப பாவு நூல அறுக்கணுமே. நான் தையல்காரி, முட்டாள் இல்ல."

"எங்கம்மா அறுக்க மாட்டாங்க."

கம்பளத் தறியில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஒரே இழையாக ஓடும். மேல்கோலில் சுற்றிக் கீழ்கோலில் சுற்றி மறுபடி மேலே போகும். முடிந்ததும் கோலை உருவினால் கம்பளம் கழன்று வந்துவிடும். இஸ்திர் அப்படித்தான் பாவு போடுவாள். கழுத்துக்கும் வெட்டு வேண்டாம். இடப்பக்கத்துக்கு ஓர் ஊடை, வலப்பக்கத்துக்கு ஓர் ஊடை என்று தனித்தனியாக ஓட்டினால் நடுவில் பிளவு தானாக நிற்கும். ஜமக்காளம் நெய்கிற எல்லாருக்கும் அது தெரியும். லெவியா கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினாள். லூனா திரும்பி வந்து உட்கார்ந்து பார்த்தாள். ஒரு தடவைதான் பார்த்தாள்.

"இந்த நீள வருஷம் முடியறதுக்குள்ள ஆகணும்," என்றாள். "செப்டம்பர்."

"ஆகும்."

அளவெடுத்தார்கள். உயரம் நூற்றைம்பத்தொன்று.

"இடுப்ப எழுதாத," என்றாள் லூனா.

"எழுதலன்னா எப்பிடி மதாம்?"

"ஒரு அஞ்சு கொறச்சு எழுது. சாகறதுக்குள்ள எளச்சுடுவேன்."

நெசவுக்கூடத்தின் பொறுப்பு நெஜ்தெத் உஸ்தாவிடம் இருந்தது. உஸ்தா என்றால் தொழிலில் ஆசான். முப்பது வருஷமாகத் தறி பார்த்தவர். மாணவர்கள் யாரையும் நம்பாதவர்.

"எந்தப் பாடத்துக்கு இது?"

"பாடத்துக்கு இல்ல உஸ்தா. ஒரு அம்மாவுக்கு. அவங்க எறந்தா உடுத்தறதுக்கு."

அவர் தறியில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "நாங்க முஸ்லிம்கள் தைக்கறதே இல்ல. சுத்திடுவோம்," என்றார். மறுநாள் ஜன்னலோரத்துச் சின்னத் தறியைக் காலி செய்து, எண்ணெய் போட்டு வைத்திருந்தார். "சாயங்காலம் அஞ்சு மணியிலேருந்து எட்டு மணி வரைக்கும். எட்டு அடிச்சா நான் கதவப் பூட்டுவேன். உள்ள நீ இருந்தாலும் சரி."

தறியின் அகலம் அறுபது சென்டிமீட்டர். சென்டிமீட்டருக்குப் பதினைந்து இழை. ஒரு துண்டுக்குத் தொள்ளாயிரம் இழை. மொத்தம் பதினொரு துண்டு. லினன் நூல் காய்ந்தால் முறியும். அறையைச் சூடாக்கும் குழாய் ஓடிக் காற்று வறண்டு கிடந்தது. லெவியா ஆளி விதையைக் கொதிக்க வைத்துக் கஞ்சி எடுத்துப் பாவில் தடவினாள். தறிக்குக் கீழே ஈரச் சாக்கு விரித்தாள். ஒவ்வொரு துண்டிலும் கடைசி நான்கு விரல் இடத்தில் ஊடையைக் கொண்டுபோகும் நாடா நுழையாது. அதை ஊசியால் நெய்தாள். அந்த நான்கு விரலுக்கு மட்டும் மூன்று சாயங்காலம் ஆனது.

முதல் துண்டு ஏப்ரலில் கழன்று வந்தது. நெஜ்தெத் உஸ்தா நாலு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். "இது எங்க ஆரம்பிச்சுது, எங்க முடிஞ்சுது?" என்று கேட்டார். நெசவைப் பற்றி அவர் எந்த மாணவரிடமும் கேள்வி கேட்டு அவள் பார்த்ததில்லை.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகவில்லை. ஆகஸ்ட் கடைசியில் பதினோராவது துண்டு கழன்றது. செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி எல்லாவற்றையும் துவைத்து மடித்து, அந்த நீள மேஜைக்குக் கொண்டுபோனாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் நுழைந்தாள்.

ராஷெல் தலையசைக்கவும் இல்லை. "காகிதம் வரல," என்றாள்.

"வரல."

"தைக்கக் கூடாதுன்னு சொன்னேன். நெய்யக் கூடாதுன்னு சொல்ல எனக்குத் தோணல. இப்பிடி ஒருத்தி வருவான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" கண்ணாடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு துண்டாக விரலால் தடவிப் போனாள். ஆறு துண்டு கடந்தாள். ஏழாவதில் விரல் நின்றது.

"இங்க ஒரு முடிச்சு."

லெவியா குனிந்தாள். ஏழாவது துண்டு, மேலங்கியின் முன்பக்கம். தேர்வு வாரத்தில் நெய்தது. பாவு இழை அறுந்தால் நெசவாளி கை தானாக முடிச்சுப் போடும். மற்றப் பத்துத் துண்டுகளிலும் நினைவாக இருந்து, புது இழையைப் பக்கத்திலேயே இரண்டு அங்குலம் சேர்த்து ஓட்டியிருந்தாள். அந்த ஒரு வாரம் கை பழக்கத்துக்குப் போயிருந்தது.

"தையல்லதான முடிச்சு கூடாது," என்றாள் லூனா. "நெசவுல இருந்தா என்ன?"

"முடிச்சுன்னா முடிச்சுதான். எங்க இருந்தா என்ன? அவுந்து போக வேண்டிய எடத்துல எதுக்குக் கட்டு?" ராஷெலின் விரல் இன்னும் நகர்ந்தது. "இங்க ஒண்ணு. இங்க. இங்கயும்."

பத்தொன்பது இருந்தன.

வருஷம் முடிய அதற்கப்புறம் ஒரே ஒரு செவ்வாய்தான் மிச்சம். புதிதாக நெய்ய நாள் போதாது. அறுத்தெடுக்கக் கத்திரி கூடாது. ஈரத்தில் இறுகிய லினன் முடிச்சு கடுகை விடச் சின்னது. அதை ஊசி முனையால் நெகிழ்த்தி, பிரித்து, புது இழையைப் பக்கத்தில் கோத்து ஓட்ட வேண்டும். முதல் முடிச்சுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

மறுநாள் மதியம் லெவியா மேஜையில் தனியாக உட்கார்ந்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் இரண்டாவதைத் தேடிக்கொண்டிருந்தாள். ராஷெல் உள்ளே வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். விரலை வைத்தாள்.

"இங்க. உங்க கல்லூரியில கண்ணால பாக்கத்தான் சொல்லிக் குடுக்கறாங்களா?"

"கண்ணுக்குத் தெரியல மதாம்."

"தெரியாது. நான் வெக்கற எடத்துல நீ ஊசிய வை. பேசாத."

ஐந்து நாள், சனிக்கிழமை நீங்கலாக. ராஷெல் விரலை வைப்பாள், லெவியா அவிழ்ப்பாள். நடுவில் ராஷெல் கேட்ட கேள்விகள் இரண்டு. உங்க ஊர்ல எறந்தவங்களுக்கு யாரு தைப்பாங்க? உங்கம்மாவுக்கு யாரு தச்சாங்க? இரண்டாவதற்குத் தெரியாது என்று லெவியா சொன்னாள். ராஷெல் விரலை அடுத்த முடிச்சுக்கு நகர்த்தினாள். பத்தொன்பதாவது முடிச்சு திங்கட்கிழமை மாலை பிரிந்தது.

செவ்வாய்க்கிழமை எட்டு நாற்காலியும் நிறைந்து, சுவரோரம் நான்கு பேர் நின்றார்கள். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தார்கள். லூனா ஊசியில் நூலைக் கோத்தாள். லெவியாவின் முன்னால் நீட்டினாள்.

"கழுத்துலேருந்து ஆரம்பி."

லெவியா வாங்கவில்லை. ராஷெலைப் பார்த்தாள். எல்லாரும் ராஷெலைப் பார்த்தார்கள்.

"நான் கண்ணாடி கொண்டு வரல," என்றாள் ராஷெல். கண்ணாடி அவள் தலைக்கு மேல் இருந்தது. "யாரு தைக்கறாங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

சுவரோரம் நின்ற ஒருத்தி பையிலிருந்து பாதாமை எடுத்து இறைத்தாள். ஒன்று லூனாவின் தொப்பியில் விழுந்தது.

"என் மேல போடற துணிய நெய்தவகிட்ட இனிமே யாரு காகிதம் கேக்கறான்னு பாக்கறேன்," என்றாள் லூனா. "கேக்கறவ என் கண்ணு முன்னால வந்து கேக்கட்டும்."

லெவியா ஊசியை வாங்கிக்கொண்டாள்.

காகிதம் நவம்பரில் வந்தது. மூன்று முத்திரை, இரண்டு மொழி. ராஷெல் படிக்காமலே கோப்பில் போட்டாள். மிலான் துணியை லூனா கூடத்து ஜன்னலுக்குத் திரையாகத் தைத்தாள். கசங்காத திரை என்று வருகிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டாள். மோரிஸுக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது.

லூனா இன்னும் பதின்மூன்று வருஷம் இருந்தாள். 2009 ஜனவரியில் அவளைக் கழுவி, அந்த உடுப்பை உடுத்தியது லெவியாவும் ராஷெலும். இடுப்பு சரியாக இருந்தது. இளைத்திருந்தாள்.

லெவியா ஊர் திரும்பவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஈசாக்கைக் கட்டிக்கொண்டாள். சோர்லுவில் ஒரு நூல் ஆலையின் சோதனைக் கூடத்தில் இருபத்து மூன்று வருஷம் வேலை செய்தாள். செவ்வாய்க்கிழமை மட்டும் மதியம் கிளம்பிவிடுவாள். அந்த ஆலையில் செவ்வாய் மதியம் கூட்டம் வைப்பதை விட்டுவிட்டார்கள். மேஜைக்கு வரும் துணி எதுவானாலும் ஓர் இழையை உருவி எரித்துப் பார்க்காமல் விட மாட்டாள். நகரத்தின் மூன்று துணி வியாபாரிகள் அவளைப் பார்த்தாலே லினன் கட்டைத் தனியாக எடுத்து வைத்தார்கள். தையலில் சீர் இல்லையென்றால் பிரிக்கச் சொல்வாள். யார் தைத்ததானாலும் சரி. "எறந்தவங்களுக்குத் தெரியாதேன்னு தைக்காதீங்க," என்பாள். தன் கையால் எத்தனை தைத்தாள் என்று எண்ணி வைக்கவில்லை. ராஷெல் எண்ணி வைத்திருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு.

தனக்கென்று ஒன்றும் தைத்து வைக்கவில்லை. நாற்பத்தொன்பது வயதில் யாரும் வைப்பதில்லை. மூன்று மாத நோய் 2023 டிசம்பரில் அவளை முடித்துவிட்டது.

இறந்தது புதன்கிழமை காலை ஆறு மணிக்கு. அடக்கம் மதியம் இரண்டு மணிக்கு. ஒன்பது மணிக்கு அந்த அறையில் பதினேழு பெண்கள் இருந்தார்கள். எண்பத்து நாலு வயது ராஷெலை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். யார் எதைத் தைப்பது என்று ஸ்பானிஷிலும் துருக்கியிலும் சண்டை நடந்தது. கழுத்து எனக்கு என்று மூன்று பேர். கடைசியில் ராஷெல் மேஜையைத் தட்டினாள்.

"ஆளுக்கு ஒரு சாண். சத்தம் போடாம தைங்க. எங்க பொண்ணு காத்துக்கிட்டிருக்கா."

பன்னிரண்டரைக்குத் தைத்து முடித்தார்கள். பதினேழு கை. ஓரிடத்தில் தையல் மூன்று மில்லிமீட்டர், அடுத்த சாணில் ஏழு. சிலருக்குக் கண் சரியாகத் தெரிந்திருக்காது. லெவியா பார்த்திருந்தால் பாதியைப் பிரிக்கச் சொல்லியிருப்பாள்.

யாரும் பிரிக்கவில்லை. அப்படியே உடுத்தினார்கள்.